எந்த வானொலி என்று கேட்டார்

மதுரையில் எந்தப் பண்பலையை எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதை, நான் அங்கே ஒரு தனியார் பண்பலை நிலையத்தில் இருந்த காலத்தில் யாரும் முறையாக எண்ணியதில்லை. வானொலி நேயர்களைக் கணக்கிடுவதற்காக வந்த ‘ராம்’ என்ற அளவீடு தில்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு ஆகிய நான்கு நகரங்களைத் தாண்டவில்லை. அங்கே தேர்ந்தெடுத்த ஆட்களிடம் ஒரு நாட்குறிப்பைக் கொடுத்து, எந்த நேரத்தில் எந்த நிலையத்தைக் கேட்டீர்கள் என்று குறிக்கச் சொல்வார்கள். சென்னைக்கே அந்தக் கொடுப்பினை இல்லாதபோது மதுரையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? ஆயினும் விளம்பரம் தருபவர் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதாகவே இருந்தது. அதற்கு ஒரு விடையும் எங்கள் பையில் எப்போதும் தயாராக இருந்தது. அந்த விடையைத் தயாரித்தவர்களில் நானும் ஒருவன் என்பதால்தான், விளக்குத்தூண் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் நடந்த சிறு பேச்சு இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்குத் தீராமல் கிடக்கிறது.

அந்தக் காலத்துக் கணக்கைச் சொல்லாமல் அந்தப் பேச்சை மட்டும் சொன்னால், நாங்கள் எல்லாரும் பித்தலாட்டக்காரர்கள் என்று படிப்பவர் நினைத்துவிடக்கூடும். தனியார் பண்பலைகளுக்காக அரசு நடத்திய 2006 ஏலத்தில் அலைவரிசை எடுத்த ஒவ்வொரு நிறுவனமும் பத்தாண்டு உரிமத்திற்காக ஏலத்தொகையை முதலிலேயே கட்டியிருந்தது. அதற்கு மேல் ஆண்டுதோறும் மொத்த வருவாயில் 4 விழுக்காடு அல்லது ஏலத்தொகையில் 10 விழுக்காடு, இவற்றில் எது அதிகமோ அதை அரசுக்குச் செலுத்த வேண்டும். இசை நிறுவனங்களுக்கோ, நாம் சம்பாதித்தோமா இல்லையா என்று பாராமல், பாட்டு ஒலித்த மணிக்கணக்கில் கட்ட வேண்டியிருந்தது; நிகர விளம்பர வருவாயில் 2 விழுக்காடு கொடுத்தால் போதும் என்று 2010 ஆகஸ்டில் காப்புரிமை வாரியம் சொன்ன பிறகுதான் சிறிய ஊர்களின் நிலையங்கள் மூச்சுவிட்டன. செய்தி சொல்ல அனுமதி கிடையாது. சித்திரைத் திருவிழாவில் அழகர் எந்த மண்டகப்படியைத் தாண்டியிருக்கிறார் என்பதைக்கூடச் செய்தியாகிவிடாத தோரணையில் சொல்ல வேண்டியிருந்தது என்று நாங்கள் கேலி பேசிக்கொள்வோம். ஆக, எஞ்சியது திரைப்பாட்டு. அது மூன்று தனியார் நிலையங்களுக்கும் ஒரே பாட்டு. காலையில் புதுப்படம், மதியம் தொலைபேசி அரட்டை, இரவு 9 மணிக்கு மேல் எங்கே திருப்பினாலும் இளையராஜா.

இந்த நிலையில் நேயரைப் பிடிப்பது என்றால் என்ன என்று எங்களுக்கே தெளிவாகத் தெரியாது. விளம்பர இடைவேளைகளை மூன்று நிலையங்களும் ஏறக்குறைய ஒரே நிமிடத்தில் வைத்துக்கொண்டோம். யாரும் கூடிப் பேசி முடிவெடுத்ததில்லை. பக்கத்து நிலையத்தில் பாட்டு ஓடும்போது நம்முடையதில் விளம்பரம் ஓடினால் ஆள் போய்விடுவான் என்ற பயம் எல்லாரையும் ஒரே இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. ஆட்டோக்களின் பின்பக்கம் ஸ்டிக்கர் ஒட்டினோம்; ஸ்டிக்கர் ஒட்டிய ஆட்டோவை வழியில் நிறுத்திப் பரிசு கொடுத்தோம். சில நாட்களில் ஒரே ஆட்டோவில் மூன்று நிலையங்களின் ஸ்டிக்கர்களும் வரிசையாக இருந்தன. ஓட்டுநர்களைக் குறை சொல்ல முடியாது. பரிசு யார் கொடுப்பார் என்பது அவர்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்? காலை நேரத்தில் பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து சிம்மக்கல் வரை நடந்து, எந்தத் தேநீர்க் கடையில் எது ஒலிக்கிறது என்று குறித்துக்கொண்டு வரும் வேலை பயிற்சிக்கு வரும் பையன்களுடையது. எப்போது போனாலும் எங்கள் நிலையமே ஒலித்த கடை ஒன்று உண்டு. எங்கள் அறிக்கைகளில் அது அசையாத ஆதரவாளராக இடம்பெற்றுக்கொண்டிருந்தது. ஒருநாள் நானே போய் டீ குடித்தபோதுதான், அந்தப் பெட்டியில் திருகு உடைந்து போய், ஊசி எங்கள் அலைவரிசையில் இறுகிவிட்டிருந்ததைப் பார்த்தேன். கடைக்காரரிடம் பாட்டெல்லாம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “ஓடுது” என்றார்.

இப்படியெல்லாம் கணக்கெடுப்பது போதாது என்று மேலிடம் நினைத்ததால்தான் நேயர் ஆய்வு ஒன்று நடந்தது. கல்லூரி மாணவர்களைக் கொண்டு வீடு வீடாகக் கேட்ட கேள்விகளில் முதன்மையானது, நேற்று எந்த வானொலியைக் கேட்டீர்கள் என்பது. தாள்கள் திரும்பி வந்தபோது முன்னால் நின்றது தனியார் நிலையம் எதுவுமில்லை. அகில இந்திய வானொலியின் கோடைப் பண்பலை, 100.5. நியாயமாகப் பார்த்தால் இதில் வியக்க ஒன்றுமில்லை. பண்பலை நேர்கோட்டில் போவது. ஒலிபரப்பி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு தூரம் எட்டும். 2,000 மீட்டருக்கு மேல் கொடைக்கானல் மலையில் உட்கார்ந்திருக்கும் நிலையத்தோடு, ஊருக்குள் கோபுரம் வைத்து, மக்கள்தொகைப்படி ‘பி’ பிரிவில் வைத்த நகரத்துக்கு அளந்து கொடுத்த ஆற்றலில் ஒலிபரப்பும் நாங்கள் பரப்பளவில் மோத முடியாது. தேனிக்காரரும் திண்டுக்கல்காரரும் விருதுநகர்க்காரரும் ஒரே சமயத்தில் கேட்கும் வானொலி அது. எங்கள் நிலையங்கள் பிறக்கும் முன்பே அந்த வீடுகளில் குடியேறிவிட்டது.

விளம்பரப் பிரிவின் தலைவர் தாள்களோடு என் மேசைக்கு வந்தார். அவர் பொய் சொல்லச் சொல்லவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். எல்லையை மட்டும் வரையச் சொன்னார். மாநகராட்சி எல்லைக்குள், 15 முதல் 34 வயது வரை, கைப்பேசியில் கேட்பவர்கள் என்று வடிகட்டியபோது நாங்கள் முதலிடத்தில் இருந்தோம். அந்த வரையறையை எழுதியவன் நான். இதில் தவறு இருப்பதாக இன்றும் எனக்குத் தோன்றவில்லை: இளைஞர்களுக்கான பொருளை விற்பவருக்கு இளைஞர்களின் கணக்குத்தான் வேண்டும், வரையறையை மறைக்காமல் தாளின் அடியில் அச்சிட்டிருந்தோம், எங்கள் போட்டியாளர்களும் வேறு வேறு எல்லைகளை வரைந்து, அவரவர் எல்லைக்குள் முதலிடத்தில் இருந்தார்கள். ஒரே ஊரில் மூன்று முதலிடங்கள் இருந்ததைப் பற்றி ஊருக்கும் பெரிய கவலை இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் தாளின் அடியில் அச்சிட்டிருந்த எழுத்தின் அளவைத் தீர்மானித்தவனும் நான்தான்.

அந்தத் தாளோடுதான் ஜவுளிக்கடைக்குப் போனோம். விளம்பரப் பிரிவின் தலைவர், நிகழ்ச்சிப் பிரிவிலிருந்து ஒருவர் கூட வந்தால் மரியாதையாக இருக்கும் என்று என்னையும் அழைத்துப் போயிருந்தார். கடை முதலாளி அறுபது வயதைத் தாண்டியவர். பேச்சு நடந்த நேரம் முழுவதும் ஒரு ரவிக்கைத் துணியின் ஓரத்தை இரண்டு விரல்களுக்கிடையில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார். சாயம் ஒட்டுகிறதா என்று பார்த்தாரோ, வெறும் பழக்கமோ தெரியாது. தாளை வாங்கியவர் மேலே இருந்த வண்ணப் படத்தைப் பார்க்கவே இல்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளை முகத்தருகே கொண்டுபோய், நேராக அடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தார்.

“பதினஞ்சுல இருந்து முப்பத்திநாலு வயசு. சரி. இந்த வயசுக்காரங்க இங்க துணி எடுக்க வந்தா, பணத்த யாரு குடுக்குறா தம்பி?”

விளம்பரப் பிரிவின் தலைவர் ஏதோ சொல்லத் தொடங்கினார். முதலாளி அவரைப் பார்க்கவில்லை.

“எனக்கு யாவாரம் உசிலம்பட்டில இருந்து வருது, மேலூர்ல இருந்து வருது, திருமங்கலத்துல இருந்து வருது. கார்ப்பரேசனுக்குள்ள இருக்கிறவன் வந்து வெலய மட்டும் கேட்டுட்டுப் போறான். அத விடுங்க. உங்க வீட்ல எது ஓடுது?”

கேள்வி என்னிடம் வந்தது. நான், “அம்மா கோடைதான் வைப்பாங்க, ஐயா” என்றேன்.

இதைச் சொன்னபோது என் மனத்தில் என்ன இருந்தது என்பதைத்தான் நான் பலமுறை திரும்பிப் பார்க்கிறேன். நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும் என்று முடிவெடுத்ததாக ஒரு காலத்தில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் முடிவு என்று சொல்லும் அளவுக்கு நேரம் இருக்கவில்லை. பொடி எழுத்தை அவர் முதலில் படித்துவிட்டதால் ஏற்பட்ட கூச்சம் இருந்தது. என்ன சொன்னாலும் இவர் நம்பப் போவதில்லை என்ற சலிப்பு இருந்தது. அம்மாவை நலம் விசாரிக்கிற தொனியில் அவர் கேட்டார் என்பதும் இருந்தது. பெரியவர் ஒருவர் வீட்டைப் பற்றிக் கேட்டால் வாய் தானாக உண்மையைச் சொல்லிவிடுகிறது. இதற்கு நேர்மை என்று பெயர் வைப்பது கொஞ்சம் அதிகம்.

முதலாளி சிரித்தார். கீழே குரல் கொடுத்து மூன்று டீ சொன்னார். “கோடைக்கும் குடுக்கத்தான் போறேன். உங்களுக்கும் குடுக்குறேன். ஆடியில ஆரம்பிங்க” என்றார். தொகையை அவரே சொன்னார். நாங்கள் எதிர்பார்த்து வந்ததைவிடக் குறைவில்லை.

படியிறங்கும்போது நான் மன்னிப்புக் கேட்கத் தயாராக இருந்தேன். தன் நிலையத்தின் நிகழ்ச்சிகளைத் தயாரிப்பவனே தன் வீட்டில் வேறு வானொலி ஓடுகிறது என்று வாடிக்கையாளரிடம் சொல்வது எந்த நிறுவனத்திலும் மன்னிக்கத்தக்கதன்று. ஆனால் விளம்பரப் பிரிவின் தலைவர் வண்டியில் சாவியைப் போட்டுக்கொண்டே, “அந்த வரிய எங்க புடிச்சீங்க சார்? பிரமாதம். அப்படியே சாஞ்சுட்டாரு” என்றார். அது வரி இல்லை, உண்மை என்றேன். “அதான் சார் வேல செய்யுது” என்றார்.

அதன் பிறகு சில இடங்களுக்கு அவர் என்னை அழைத்துப் போனார். தெற்கு ஆவணி மூல வீதியில் ஒரு நகைக்கடை, ஒரு பாத்திரக்கடை, வேறு சில. ஒவ்வோரிடத்திலும் பேச்சு ஒரு கட்டத்துக்கு வந்ததும் அவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார். அந்த இடைவெளி எதற்கு என்பது இருவருக்கும் தெரியும். நானும் எங்கள் வீட்டில் அம்மா கோடைதான் வைப்பார் என்று சொல்வேன். எதிரில் இருப்பவரின் முகம் இளகும். சொன்னது ஒவ்வொரு முறையும் உண்மை. ஆனால் முதல்முறை கேள்விக்கு விடையாக வந்தது, பிறகு கேள்வியே இல்லாமல் வந்தது. உண்மையைச் சொல்வதற்கும் உண்மையைப் பயன்படுத்துவதற்கும் இடையில் ஒரு கோடு இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. விற்பனையில் இருப்பவர்கள் அப்படிக் கோடு ஏதும் இல்லை என்பார்கள், அவர்கள் சொல்வதையும் என்னால் முழுதாக மறுக்க முடியவில்லை. யாருக்கும் அதனால் நட்டம் இல்லை. பணம் கொடுத்தவர்கள் விளம்பரம் ஒலித்ததைக் கேட்டார்கள்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். எங்கள் மதிய நிகழ்ச்சியில் பேசும் நேயர்களின் அழைப்பை நேரலையாக விடுவதில்லை. பதிவு செய்து, சில நிமிடங்களில் வெட்டிச் சீராக்கி ஒலிபரப்புவோம். வெட்டுவதற்கு அடிக்கடி நேர்ந்த காரணம் ஆபாசமோ அரசியலோ இல்லை. எங்களை அழைத்தவர்களே போட்டி நிலையத்தின் பெயரைச் சொல்லி எங்களை வாழ்த்துவார்கள். “நான் எப்பவும் உங்க” என்று தொடங்கி, வேறொருவரின் பெயரை அன்போடு சொல்லி, உங்கள் நிகழ்ச்சி இல்லாமல் எனக்குப் பொழுதே போகாது என்பார்கள். எங்கள் எண்ணுக்குத்தான் அழைத்திருக்கிறார்கள், எங்கள் தொகுப்பாளரின் பெயர் தெரிந்திருக்கிறது, காலையில் நாங்கள் கேட்ட கேள்விக்கு விடையும் சொல்கிறார்கள். நிலையத்தின் பெயர் மட்டும் வேறு. பதிவுக் கூடத்தில் இருந்த பையன் அந்த ஓரிரு நொடியை வெட்டி ஒட்டுவதில் கைதேர்ந்திருந்தான். இதை நாங்கள் வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டோம். வீடு வீடாகப் போன மாணவனிடம் இதே நேயர் எந்தப் பெயரைச் சொல்லியிருப்பார், அந்தத் தாளில் அவர் யாருடைய கணக்கில் ஏறியிருப்பார் என்று எங்களில் எவரும் அப்போது கேட்டுக்கொள்ளவில்லை. நேற்று எதைக் கேட்டீர்கள் என்ற கேள்வி காதை அளப்பதில்லை, வாயில் முதலில் வரும் பெயரை அளக்கிறது. கோடைப் பண்பலைக்கு விழுந்த எண்ணிக்கையில் எவ்வளவு உண்மையில் கோடைக்குரியது, எவ்வளவு எங்களுடையது, எவ்வளவு மற்ற இருவருடையது என்று பிரிக்க வழியே இல்லை. எங்களுக்கு விழுந்ததற்கும் இது பொருந்தும்.

என் அம்மாவும் அப்படித்தான். எங்கள் வீட்டில் வானொலி என்ற பொருளுக்கே கோடை என்றுதான் பெயர். “அந்தக் கோடையக் கொஞ்சம் அமத்து” என்றால், அது எந்த அலைவரிசையில் இருந்தாலும் பெட்டியை நிறுத்து என்று பொருள். நான் காலை 6 மணிக்கு நிலையத்துக்குப் போய் இரவில் வருபவன். அவர் பகலில் என்ன கேட்டார் என்பதை ஊசி எங்கே நிற்கிறது என்று குனிந்து பார்த்தவன் இல்லை. நான் கடைக்காரரிடம் சொன்ன உண்மை, வீட்டில் புழங்கிய ஒரு பெயர். அவ்வளவுதான் எனக்கு உறுதியாகத் தெரியும். அம்மாவிடமே கேட்டிருக்கலாம் என்று சொல்பவர்களுக்கு, கேட்டேன் என்பதே என் பதில். பாட்டு நன்றாக இருக்கும், நடுவில் ஒரு பையன் அதிகம் பேசுவான் என்றார். அப்படிப் பேசுகிற பையன்கள் அகில இந்திய வானொலியைவிட எங்கள் பக்கம்தான் அதிகம். ஆனாலும் அதை வைத்து எதையும் நிறுவ முடியாது.

அந்த ஆடியில் முதலாளி எங்களிடம் சொல்லாமல் ஒரு சோதனை செய்தார். ஒவ்வொரு நிலையத்துக்கும் கொடுத்த விளம்பரத்தின் கடைசியில் ஒரு பூவின் பெயர் இருந்தது: எங்களுக்கு மல்லிகை, கோடைக்கு மரிக்கொழுந்து, இன்னொரு நிலையத்துக்குத் தாழம்பூ. பணம் கட்டும் இடத்தில் பூவின் பெயரைச் சொன்னால் ஒரு துணிப்பை இலவசம். எங்கள் விளம்பரத்தைப் பதிவு செய்தவன் நான். மதுரையில் மல்லிகை என்று சொல்வதில் என்ன சூழ்ச்சி இருக்க முடியும் என்று அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. ஆடி முடிந்ததும் முதலாளி என்னை மட்டும் வரச் சொன்னார். கல்லாவில் இருந்த பெண் எழுதி வைத்த கோடு போட்ட நோட்டைத் திறந்து காட்டினார். மல்லிகைக்குக் கீழும் மரிக்கொழுந்துக்குக் கீழும் தாழம்பூவுக்குக் கீழும் சில கோடுகள் இருந்தன. எது அதிகம் என்று சண்டை போடும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. அந்தப் பெண் தானாகவே நான்காவது பத்தி ஒன்றை வரைந்து, அதற்கு மேல் ‘ரேடியோ’ என்று எழுதியிருந்தாள். பக்கம் பக்கமாகக் கோடுகள் அங்கேதான் இருந்தன.

“ஏதோ பூவுனு சொன்னாங்க, பை குடுப்பீங்களாம்னு வந்து நிக்கிறாங்க. என்ன பூவுனு கேட்டா முழிக்கிறாங்க. எல்லாருக்கும் குடுத்துருன்னுட்டேன்” என்றார். பிறகு, “அப்ப நான் யாருக்குக் காசு குடுக்கணும், தம்பி?” என்று கேட்டார்.

அதற்கு நான் சொன்ன பதில் இன்னும் சரியாக நினைவில்லை; எங்கள் நிலையத்துக்குச் சாதகமாக ஏதோ சொன்னேன், அது என் வேலை. அவர் அடுத்த தீபாவளிக்கு மூன்று பேரிடமும் 10 விநாடிக்கு என்ன விலை என்று கேட்டு, குறைவாகச் சொன்னவருக்குக் கொடுத்தார். மெதுவாக மற்ற கடைகளும் அந்த வழிக்கு வந்தன. ஒரு ஸ்பாட்டுக்கு ஒரு ஸ்பாட் இலவசம், வாங்கிய விநாடிக்கு மேல் போனஸ் விநாடி என்று எல்லா நிலையங்களும் இறங்கின. நேயர்களுக்காக நடந்ததாக நான் நினைத்துக்கொண்டிருந்த போட்டி, கடைசிவரை விநாடியின் விலைக்காக நடந்ததுதானோ என்று தோன்றும். உடனே, அப்படியானால் காலை 5 மணிக்கு எழுந்து பாட்டு வரிசையை நான்கு முறை மாற்றி அடுக்கிய உழைப்பெல்லாம் எதற்கு என்று கோபமும் வரும். கேட்டவர்கள் கேட்டார்கள். பெயர் தெரியாமல் கேட்டார்கள் என்பதற்காக அவர்கள் கேட்கவில்லை என்று ஆகிவிடாது. இந்த ஆறுதல் எனக்குப் போதுமானதாக இருக்கும் நாட்களும் உண்டு.

இன்று இந்தக் கேள்விகளே பழசாகிவிட்டன. 2016இல் ஜியோ வந்து இணையம் மலிவானது. புதுக் கைப்பேசிகள் பலவற்றில் பண்பலை வசதியே இல்லாமல் போய், அதை முடக்காதீர்கள் என்று 2023இல் மத்திய அரசே உற்பத்தியாளர்களுக்கு அறிவுரை அனுப்ப வேண்டி வந்தது. பாட்டுச் செயலிகளுக்கு யார், எதை, எத்தனை நொடி கேட்டார் என்பது துல்லியமாகத் தெரிகிறது. நாங்கள் தேநீர்க் கடை தேநீர்க் கடையாக நடந்து தேடியது அது.

விளம்பரப் பிரிவின் தலைவர் இப்போது வேறு தொழிலில் இருக்கிறார். நெடுஞ்சாலை ஓரப் பலகைகளை விற்கிறார். அண்மையில் தொலைபேசியில் பேசியபோது அம்மா எல்லா வானொலியையும் கோடை என்றே சொல்வார் என்ற விவரத்தை முதல்முறையாக அவரிடம் சொன்னேன். நாம் அத்தனை கடைகளில் சொன்னது ஒருவேளை உண்மையே இல்லாமல் இருந்திருக்கலாம் என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. நான் எதிர்பார்த்த சங்கடம் அவர் குரலில் இல்லை. பழைய எரிச்சல்தான் இருந்தது.

“அப்ப அம்மா கேட்டது நம்ம ஸ்டேஷனாக்கூட இருந்திருக்கலாம்ல சார்? ஏன் சார் அப்பவே சொல்லல? அந்த சர்வேல நாப்பது வயசுக்கு மேல நமக்கு ஆளே இல்லன்னு மேல எவ்வளவு பேச்சு வாங்குனேன் தெரியுமா?”